நிகர எடை

ஆலை வாசலில் எடைமேடை என் பொறுப்பு.
லோரி ஏறும். எண் நடுங்கி நிற்கும்.
மொத்த எடை எழுதுவேன்.
செம்பனைக் குலைகளைக் கொட்டிவிட்டு
வெறும் வயிற்றோடு திரும்பி வரும். அதையும் எழுதுவேன்.
கழித்தால் வருவது நிகரம்.
பதினெட்டு வருஷமாய் இந்த ஒரு கழித்தல்தான்
எனக்குச் சோறு.

சுங்கை மெராவ் பட்டணத்துக்கு
செவ்வாய்க்கிழமை டிவிக்காரர்கள் வந்தார்கள்.

மருந்தடிக்கும் பெண்கள் பதினான்கு பேர்
வாசலை மறித்து உட்கார்ந்த மூன்றாம் நாள்.
இருபத்தாறு மாதம், ஆளுக்கு நூற்றுப் பத்து வெள்ளி,
சேமநிதிக்கென்று சம்பளத்தில் பிடித்தார் குத்தகைக்காரர்.
பிடித்தது போய்ச் சேரவில்லை.
பெருக்கி வைத்திருந்தேன்:
நாற்பதாயிரத்து நாற்பது.

மைக் பிடித்த பெண்ணின் பெயர் யுகேஸ்வரி.
உச்சி வெயிலில் கறுப்புக் கோட்டு,
சேற்றில் புதையும் குதிகால்.
கேமராக்காரன் அவளிடம் மூன்று தடவை சொன்னான்,
"மூஞ்சி மின்னுது, பவுடர் போடு."
மூன்று தடவையும் போட்டாள்.

பதினொரு நிமிடம் பேசினேன்.
தேதி, தொகை, ரசீது எண்,
எந்தக் காகிதத்தையும் பாராமல்.
நடுவில் அவளுடைய போன் அடித்தது.
காதை மூடிக்கொண்டு கேட்டாள்,
பிறகு என்னைப் பாராமல் சொன்னாள்:
"அக்கா, வீட்ல பிள்ளைங்க சாப்பாட்டுக்கு
என்ன செய்றாங்கன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்."

"எனக்குப் பிள்ளை இல்லம்மா.
கணக்குதான் இருக்கு."

ராத்திரி எட்டு மணி. மூனாங்கட்டை சாப்பாட்டுக்கடை.
ரொட்டி வீசுகிறவன்கூடக் கையை நிறுத்தினான்.

குத்தகைக்காரர் வந்தார், நாற்பது விநாடி.
மேசை, பேனா, பின்னால் கொடி.
கீழே பட்டம், பெயர், பதவி, மூன்றும் ஒரே வரியில்.
"விசாரித்து வருகிறோம்" என்றார்.

நான் வந்தேன், நான்கு விநாடி.
வாய் அசைந்தது, குரல் இல்லை.
கேமரா என் வளையலுக்கு இறங்கியது.
எழுத்து ஓடியது: தவிக்கும் தாய்மார்கள்.
ஜெயந்திமாலா த/பெ கருப்பண்ணன் என்று போட
இடமிருந்தது. அளந்து பார்த்தேன்.

அப்புறம் செல்லக்கண்ணுவின் முகம்,
மெதுவாக, மிக மெதுவாக, புல்லாங்குழலோடு.
கன்னத்தில் ஒரு சொட்டு இறங்கும்வரை
கேமரா காத்திருந்தது.

அடுத்து, ஒரு நடிகை இளைத்த கதை. இரண்டு நிமிடம்.

"தலையக் கொஞ்சம் வாரிட்டுப் போயிருக்கலாம்ல"
என்றார் பக்கத்து மேசைக்காரர், நல்ல மனுஷன்,
தன் தே தாரிக்கை ஆற்றியபடி.

செல்லக்கண்ணு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
"நான் எங்கடி அழுதேன்?
அது என் இடது கண்ணு."

ஆறு வருஷத்துக்கு முன்னால்
முதுகில் சுமந்த மருந்துத் தோம்பு வெடித்து
முகத்தில் பட்ட கண். அன்றிலிருந்து
தூங்கும்போதும் ஒழுகுகிறது.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.
யாரும் கேட்கவில்லை, குழல் ஊதினார்கள்.

வெள்ளிக்கிழமை அரிசி வந்தது.
செய்தியைப் பார்த்து மனம் இளகினாராம் குத்தகைக்காரர்.
முப்பது மூட்டை, ஒரு துணிப்பதாகை,
அதே கேமரா, அதே கோட்டு.
பெண்களை வரிசையில் நிற்கச் சொன்னார்கள்,
கையேந்தத் தோதாக.

லோரியை மேடையில் ஏற்றச் சொன்னேன்.
டிரைவர் முழித்தான். "அரிசிக்குமா?"
"வாசல் தாண்டுற எதுக்கும்."
ஏற்றினான். இறக்கினான். திரும்ப ஏற்றினான்.

சீட்டு எழுதினேன்.
நிகரம்: முந்நூறு கிலோ.
அதன் கீழே, பாக்கி: நாற்பதாயிரத்து நாற்பது வெள்ளி.
எடை பார்த்தவர் என்ற இடத்தில்
என் முழுப் பெயர், என் அப்பா பெயர், தேதி, நேரம்.
மூன்று படி. ஒன்றை யுகேஸ்வரியிடம் நீட்டினேன்.
வாங்கினாள். படித்தாள்.
மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தாள்.
அதற்கு மேல் அவள் என்ன செய்தாள்
என்று எனக்குத் தெரியாது.

"அக்கா, இந்தப் பக்கம் பாத்து
கொஞ்சம் சிரிங்க" என்றான் கேமராக்காரன்.

தம்பி, பின்னால லோரி நிக்குது.
மேடையை விட்டு இறங்கு.
உன் எடையும் சேர்ந்து விழுது.